பிழை விடுகிற டீச்சர்

அவரைப் போலச் சந்தோஷமாகப் பிழை விடுகிற ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கரும்பலகையில் எட்டும் ஆறும் பதின்மூன்று என்று பெரிதாக எழுதுவார். எழுதிவிட்டு, விரலில் ஒட்டிய சோக்குத்தூளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மழை வருகிறதா என்று ஜன்னல் பக்கம் பார்ப்பார். வகுப்பில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழும். பிறகு ஏதாவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் வாயே திறக்காத பிள்ளை, பாதி எழும்பி நின்று, "டீச்சர்... பிழை டீச்சர்" என்று சொல்லும்.

"அடியாத்தி! பிழை விட்டுட்டேனா?" என்று நெற்றியில் அடித்துக்கொள்வார். நெற்றியெல்லாம் வெள்ளையாகிவிடும். "எங்க, எப்புடின்னு வந்து காட்டு சாமி, பாப்போம்."

அந்தப் பிள்ளை முன்னால் வந்து விரலை மடக்கி மடக்கி எண்ணும். பதின்மூன்றை அழித்துப் பதினான்கு என்று எழுதும். அது திரும்பி நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும், கண்டியையே விலைக்கு வாங்கிவிட்டது போல இருக்கும்.

அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெயரைச் சொன்னால் நாலு பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். அவருடைய மரியாதைக்காகத்தான் மறைக்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் எனக்குச் சௌகரியம். உண்மையில் என் மரியாதைக்காகத்தான் மறைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்திருந்தது. ஆரம்பக் கல்விப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பள்ளியில் அறுபது மணித்தியாலம் வகுப்பறையில் இருந்து, பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதி, அந்தப் பள்ளி அதிபரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். கண்டி டவுனில் நான் கேட்ட பள்ளிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. கடைசியில், அப்பா வேலை செய்த இரும்புக்கடைக்கு வந்துபோகிற ஒரு அதிபர், பன்விலவுக்கு மேலே இருக்கிற தன்னுடைய தோட்டப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய அப்பா ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தத் தோட்டத்தின் பெயரைக்கூட அப்பா வீட்டில் உச்சரிப்பதில்லை. "அறுபது மணித்தியாலந்தானே, முடிச்சிட்டு வந்துரு" என்றார், ஏதோ ஆஸ்பத்திரியில் கிடக்கப் போகிறவளிடம் சொல்வது போல.

நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். காலை முதல் பஸ்ஸில் பன்வில, அங்கிருந்து தேயிலைக்குள்ளால் ஏறுகிற பாதை. அதிபர் என்னை இரண்டாம் தர வகுப்புக்கு அனுப்பினார். இருபத்தாறு பிள்ளைகள், ஒரு கதிரை. அந்தக் கதிரையில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைகள் இருந்தன. டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான, உயரமான பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பெரிய ஊசி குத்திய சேலை, இறப்பர் செருப்பு, கையில் ஒரு குடை. மழையில்லாத நேரத்தில் அந்தக் குடைதான் கரும்பலகையைக் காட்டுகிற குச்சி. சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. எட்டு வருஷமாக வந்துகொண்டிருந்தார். நியமனம் வரும் வரும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த எட்டு வருஷம்.

"வாங்க தங்கச்சி" என்றார். "உக்காருங்கன்னு சொல்லத்தான் கதிரை இல்ல."

நான் பின்வரிசை வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். முதல் நாளே அவர் செவ்வாய்க்கிழமையைப் புதன்கிழமை என்றார். அடுத்த நாள் ஒரு பாட்டில் யானைக்கு இரண்டு கால் என்று பாடினார், பிள்ளைகள் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். நான் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதிக்கொண்டேன். இவ்வளவு மோசமான டீச்சரா என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் கிழமைக்குள், அவர் வேண்டுமென்றே பிழை விடுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிற்பாடு நடந்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். ஒரு பிள்ளை ஏழு என்ற எண்ணைத் திருப்பி எழுதியதைப் பார்த்து இன்னொரு பிள்ளை சிரித்துவிட்டது. "யாரு சிரிச்சது?" என்று குடையால் மேசையில் ஓங்கி ஒரு அடி. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "பிழைன்னு சொல்லு. சத்தமா சொல்லு. எனக்கும் சொல்லு, அதிபர் சேருக்கும் சொல்லு. சிரிச்சா மட்டும் இந்த வகுப்புல இருக்க முடியாது."

அவர் விட்ட பிழைகள் எல்லாம் வேண்டுமென்று விட்டவை என்றும் நான் சொல்லவரவில்லை. உயர்தரத்தில் இரண்டு பாடம் கோட்டைவிட்டவர். ஒருநாள் கடலைப் பற்றிச் சொல்லும்போது, உலகத்திலேயே பெரிய மீன் திமிங்கிலம் என்றார். நான் பின்வாங்கில் இருந்து, "திமிங்கிலம் மீன் இல்ல அக்கா. பாலூட்டி. குட்டி போட்டுப் பால் குடுக்கும்" என்றேன். அவரைத் திருத்த ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் எனக்குள் ஒரு குளுகுளுப்பு இருந்தது, அதை மறைக்கவில்லை.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். எட்டும் ஆறும் பதின்மூன்று என்று எழுதி மாட்டிக்கொள்கிறபோது வருகிற அதே முகம். அதே அடியாத்தி. "பாலா குடுக்கும்? கடலுக்குள்ளயா?" என்று என்னிடம் வந்து நின்று கேட்டார். நான் தெரிந்ததைச் சொன்னேன். பிள்ளைகளைவிட அவர்தான் வாய் பிளந்து கேட்டார்.

அன்று பின்னேரம் பள்ளி விட்டு நாங்கள் இருவரும் ஒன்றாக இறங்கினோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் வந்ததும், "கொஞ்சம் நில்லுங்க தங்கச்சி" என்று உள்ளே போனார். வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தான் முன்பு படிப்பித்த பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஐந்தாம் தரம், ஏழாம் தரம், தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட ஒரு பெண். எல்லாரிடமும் அதையே சொன்னார்: "திமிங்கிலம் மீனில்லையாம்டி. நான் உனக்குப் பிழையா சொல்லிக் குடுத்துட்டேன். அது பால் குடுக்குமாம்." அந்த வேலைக்குப் போகிற பெண் தலையில் கொழுந்துக்கூடையின் கயிற்றுத் தடத்தோடு நின்று, "சரிங்க டீச்சர்" என்று பயபக்தியாகத் தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என் கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலை வேறு.

பாதையில் நடக்கும்போது நான் கேட்டேன், ஏன் இப்படி எல்லாவற்றையும் பிழையாகச் சொல்கிறீர்கள் என்று.

"தங்கச்சி, நம்ம சனத்துக்குத் தலையாட்டித்தான் பழக்கம்" என்றார். "தோட்டத் தொர சொன்னாச் சரி, கணக்கப்புள்ள சொன்னாச் சரி, டாக்டரு சொன்னாச் சரி. நிறுவைக்காரரு கொழுந்தக் கொறைச்சு எழுதுனாலும் சரிங்க ஐயா. எங்கம்மா அப்புடித்தான் இருந்துச்சு, நானும் அப்புடித்தான் வளந்தேன். இந்தப் புள்ளைங்க ஆறு வயசுலயே பெரிய ஆளு ஒருத்தர மொகத்துக்கு நேரா பாத்து, பிழைன்னு சொல்லிப் பழகட்டும். கணக்கு மெதுவா வரும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வத்தேகம வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு போனேன். பள்ளியில் பதின்மூன்று வருஷம் படித்து, ஒரு ஆசிரியரையும் பார்த்து நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் கொப்பியை எழுதினேன்.

கண்டியில் எங்களுக்கு டியூஷன் தந்த சேர் ஒருவர், நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்லிக் கொடுப்பார். "சும்மா எல்லாம் நல்லம் நல்லம்னு எழுதினா, இந்தப் பிள்ளைக்குப் பார்க்கவே தெரியலைன்னு தூக்கி ஒரு பக்கம் வைப்பாங்க. குறைபாடுகள்னு ஒரு தலைப்புப் போட்டு நாலஞ்சு எழுதணும். அப்பதான் விமர்சனக் கண் இருக்குன்னு தெரியும்" என்றார். எனக்கு அந்த இடம் வேண்டும். இரும்புக்கடையில் வேலை செய்கிறவரின் மகள் பட்டதாரி டீச்சர் ஆக வேண்டும். நான் குறைபாடுகள் என்று தலைப்புப் போட்டு, சிவப்புப் பேனையால் கோடும் கீறி, எழுதினேன். கணிதப் பாடத்தில் ஆசிரியை ஒரே கிழமையில் மூன்று தடவை பிழையான விடை எழுதினார். நாளின் பெயரைத் தவறாகக் கூறினார். விலங்குகளை வகைப்படுத்துவதில் போதிய அறிவு இல்லை. பயிற்றப்படாத ஆசிரியர்களால் மாணவர் பாதிக்கப்படுகின்றனர்.

அதில் பொய் ஒரு வரிகூடக் கிடையாது. திகதிகள்கூடச் சரி. பிள்ளைகள் எப்படித் திருத்தினார்கள், ஏன் திருத்தவைத்தார் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் குறைபாடு குறைபாடாக நிற்காதே!

அதுவரைக்கும் எழுதிய கொப்பியை அதிபரிடம் கையெழுத்துக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கிழமைதான் வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு பெரியவர் பரிசோதனைக்கு வந்தார். அதிபரின் மேசையில் கிடந்த கொப்பியை, தேத்தண்ணீர் வரும்வரை பொழுதுபோக்காகப் புரட்டியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இதெல்லாம் நீங்க கண்ணால பார்த்ததா, மகள்?"

அதிபர் என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த அக்காவின் வழிமுறை நன்றாகத் தெரியும். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். இந்தக் கொப்பி பிழை, இதில் பாதிதான் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷப் பேச்சு. இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் தினமும் செய்கிற காரியம்.

"ஆமா சேர்" என்றேன். தலையும் ஆட்டினேன்.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்க. இப்படிப் பிள்ளைகள்தான் இந்தத் துறைக்கு வரணும்" என்றார். அந்தப் பக்கத்தை அலுவலகத்துக்கென்று பிரதி எடுக்கச் சொன்னார். எனக்கு வெட்கம் அப்போதே வந்தது என்று சொல்ல ஆசைதான். வந்தது பெருமை. வெட்கம் வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை அந்த அக்கா அலுவலக அறையிலிருந்து வெளியே வந்து, கதிரையில் இருந்த சாப்பாட்டுப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"திங்கக்கிழமையில இருந்து வர வேணாமாம் தங்கச்சி. பிழையா படிப்பிக்கிறேன்னு முறைப்பாடு போயிருக்காம். யாராச்சும் தாய் தகப்பன் சொல்லியிருப்பாங்க. அவுங்க புள்ளைக்காகத்தான சொல்றாங்க, சொல்லட்டும்." கொஞ்ச நேரம் குடையின் பித்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டு நின்றார். "ஆள் போடுற வரைக்கும் நீங்க பாத்துக்குவீங்கள்ல?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தேயிலைக்குள்ளால் இறங்கிப் போனதை வாசலில் நின்று பார்க்கக்கூட இல்லை. உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குப் படம் நிறம் தீட்டக் கொடுத்தேன்.

எனக்கு இன்னும் பன்னிரண்டு மணித்தியாலம் மீதி இருந்தது. அந்த வகுப்பை நானே எடுத்தேன். மூன்றாம் நாள், அவர் செய்வது போலச் செய்து பார்ப்போம் என்று தோன்றியது. அது என்ன ஆசையோ தெரியாது. ஒன்பதும் நாலும் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். காத்திருந்தேன். முணுமுணுப்புக்கூட இல்லை. பென்சில் உரசுகிற சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால், இருபத்தாறு பேரும் குனிந்து அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்வாங்கில் இருந்த ஒரு சிறுமி விரலை மடக்கி எண்ணி முடித்திருந்தாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளும் பன்னிரண்டு என்றே எழுதினாள்.

நேர்முகப் பரீட்சையில் என் கொப்பியைப் புரட்டிய அம்மையார் அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தினார். "இந்த வயதில் இவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்கிறீர்களே" என்றார். இடம் கிடைத்தது. படித்தேன், பட்டமும் வாங்கினேன், நியமனமும் வந்தது. இப்போது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். என் வகுப்பு அமைதியான வகுப்பு என்று எல்லாரும் மெச்சுகிறார்கள்.

போன வருஷம் ஒருநாள், பள்ளி விட்டபிறகு அவர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாராம். சீருடைத் துணி வாங்க வந்த யாரோ ஒரு தாய் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தலை நரைத்திருந்தது. இம்முறை அவர் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க வகுப்ப!" பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பழைய தொண்டர் ஆசிரியர்களைச் சேர்க்கப் போகிறார்களாம். அவர் படிப்பித்ததைக் கண்ணால் பார்த்த, இப்போது சேவையில் உள்ள ஆசிரியர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். அந்த அதிபர் ஓய்வுபெற்று மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். போன் நம்பர் வேலை செய்யவில்லை. "உங்கள விட்டா நான் படிப்பிச்சதப் பாத்தவங்க யாரும் இல்ல டீச்சர். அடுத்த தடவ கூப்புடுறப்ப எனக்கு வயசு தாண்டிரும்."

நான் எழுதினேன். அர்ப்பணிப்புள்ளவர், பிள்ளைகளின் பயத்தைப் போக்குபவர், நான் கண்ட சிறந்த ஆசிரியர். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். பிறகு ஒரு சிறிய பெட்டி வந்தது: சேவையிலிருந்து விலகியமைக்கான காரணம். பேனை நின்றது. சொந்தக் காரணங்கள் என்று எழுதினேன்.

அவர் எல்லாவற்றையும் மெதுவாக வாசித்தார். "சொந்தக் காரணம்னு ஒண்ணும் இல்லையே டீச்சர். அவுங்கதான வர வேணாம்னு சொன்னாங்க?"

"அப்படி எழுதினா ஏன்னு கேப்பாங்க அக்கா. முறைப்பாடு அது இதுன்னு தோண்டுவாங்க. உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

என்னவொரு அக்கறை! என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். எனக்கு எங்க இதெல்லாம் தெரியுது. நீங்க எழுதுனாச் சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டினார். அவர் தலையாட்டி நான் பார்த்தது அன்றுதான். பாதையில் அவர் சொன்ன அந்த மனிதர்களின் வரிசையில், தொரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பக்கத்தில், நான் போய் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. தானாக விலகியவர்களை எடுப்பதில்லையாம். பள்ளியே வேண்டாமென்று நிறுத்தியவர்கள் என்றால் பரவாயில்லையாம். "மேன்முறையீடு ஒண்ணு இருக்கு டீச்சர். வாற புதன்கிழமை காலையில பத்து மணிக்கு. என்னை ஸ்கூல்லதான் நிப்பாட்டுனாங்கன்னு நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்கிறாங்க. பழைய ஃபைலும் எடுத்து வைப்பாங்களாம், பயப்பட வேணாம்."

பழைய ஃபைல். அதில் சிவப்புக் கோடு கீறிய ஒரு பக்கம் இருக்கும். கீழே என் பெயரும் முகவரியும் அழகான கையெழுத்தில் இருக்கும்.

"பாக்கிறேன் அக்கா" என்றேன்.

"சரி டீச்சர். உங்களுக்கு வேல இருக்கும், தெரியும். வந்தீங்கன்னாப் புண்ணியம்."

அந்தப் புதன்கிழமை நான் லீவு போடவில்லை. காலையிலேயே பள்ளிக்கு வந்து, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சுற்றாடல் பாடத்தை ஆரம்பித்தேன். பத்து மணி தாண்டி ஐந்து நிமிஷத்தில் என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை அதிர்ந்தது. பிள்ளைகள் பையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு நேரத்தில் ஆசிரியர்கள் போன் எடுக்கக் கூடாது என்று எங்கள் பள்ளியில் ஒரு விதி இருக்கிறது. அன்றைக்கு அந்த விதியைக் கடைப்பிடித்தேன்.